கோட்டின் நடுப் பொத்தான்

தியோடர் அண்ணன் சினிமாவில் நடித்திருக்கிறார் என்ற செய்தியை அன்பியத்தில் போட்டு உடைத்தது நான் இல்லை. அவரேதான். குளோரியா வீட்டில் ஜெபம் முடிந்து எல்லோரும் கேக்குக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த நேரம், தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார்.

"வர்ற சனிக்கிழமை நாலு மணிக்கு ஸ்டூடன்ட்ஸ் எடுத்த படமெல்லாம் போட்டுக் காட்டறாங்க. கப்பன் பார்க் கிட்ட. யார் வேணா வரலாம், டிக்கெட் கிடையாது. அதுல ஒரு படத்துல நான் இருக்கேன். முக்கியமான வேஷம்."

"எவ்ளோ நேரம் வர்றீங்க?" என்று கிளெமென்ட் கேட்டார். அவருக்கு இதெல்லாம் உடனே தெரிந்தாக வேண்டும்.

"படம் பூரா வர்றேன்."

அண்ணன் மனைவி பெர்னதெத் எழுந்தாள். கேக் தட்டை வாங்கி, அவளே எல்லோருக்கும் பரிமாற ஆரம்பித்துவிட்டாள். பெருமை தாங்கவில்லை என்றால் அவள் இப்படித்தான் யார் வீட்டிலாவது வேலை செய்வாள். பள்ளிக்கூடத்திலிருந்து அவளை எனக்குத் தெரியும், எனக்கு அவள் பெர்னா.

அன்பியம் என்றால் எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த பதினெட்டு வீடுகள். அல்சூரில் ஏரிக்குப் பின்பக்கத் தெருக்களில் இருக்கிறோம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்லுவோம், ஊர்க்கதை பேசுவோம், கலைவோம். யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் பதினெட்டு வீடும் அங்கே இருக்கும். பெட்டியை மூடும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், சாமியார் சொல்லும் ஜெபத்துக்கு ஆமென் சொல்ல வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. இந்த அன்பியத்துக்குப் பொறுப்பாளர் நான். பெயர் பவுலின். ஒரு பெரிய ஹோட்டலில் முப்பது வருஷம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் ரகசியம் காதில் விழும், வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் என் உத்தியோகம். அது தெரிந்துதான் மறுநாள் காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பவுலின், நீ ஒரு ஒத்தாசை பண்ணணும்."

"சொல்லுங்கண்ணே."

"அந்தப் படத்துல நான் செத்துப்போறேன்."

"ஐயோ. எப்ப?"

"மொதல்லயே. படம் ஆரம்பிக்கறப்பவே பெட்டியில இருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. காரணம் சொல்ல வேண்டுமானால் முதலில் தியோடர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரெசிடென்சி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஐந்து மாடிக் கட்டிடம் இருக்கிறது. இரும்புக் கம்பிக் கதவை இழுத்து மூடினால்தான் நகரும் பழைய லிஃப்ட் அதில் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷமாக அண்ணன் அதற்குள் நிற்கிறார். காலையில் ஏழு மணிக்கு உள்ளே போனால் மதியம் இரண்டு மணிக்கு வெளியே வருவார். வக்கீல், பல் டாக்டர், கூரியர்காரன், எல்லோரும் ஏறுவார்கள், இறங்குவார்கள். யாரும் அவரோடு பேசுவதில்லை. மாடி எண்ணைச் சொல்வார்கள், அவ்வளவுதான். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. நின்ற இடத்தில் அசையாமல் நிற்பது அவருக்குக் கைவந்த கலை.

அந்தக் கலையை எங்கள் கோயிலும் பயன்படுத்திக்கொண்டது. தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் போடுவோம். ஆண்டவரின் பாடுகளும் உயிர்ப்பும் மூன்று மணி நேரம் நடக்கும். கிளெமென்ட், ஆண்டவருக்குத் தீர்ப்பு சொல்லும் பிலாத்து வேஷத்தைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷமாக விடவில்லை. கை கழுவும் காட்சிக்கே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். தியோடர் அண்ணனுக்குக் கல்லறைக் காவல். ஈட்டியோடு நிற்க வேண்டும், உயிர்ப்பு நேரத்தில் பட்டாசு வெடித்ததும் செத்தவன் மாதிரி விழ வேண்டும். வசனம் கிடையாது. அவர் விழுவதற்குள் திரை இறங்கிவிடும். பெர்னா வருஷா வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷம்கூட அவர் விழுந்ததை அவள் முழுசாகப் பார்த்ததில்லை.

நடிக்க வேண்டும், அதை பெர்னா பார்க்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லிஃப்டுக்குள்ளேயே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. நான்காவது மாடியிலிருந்து அவரே பொத்தானை அமுக்கிக் கீழே வந்து, கதவையும் அவரே திறந்துவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். பைபாஸ் செய்தார்கள். பதினோரு நாள் பெர்னா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மானிட்டரில் ஓடும் கோடுகளைப் பார்த்து அவள் நடுங்குவதைக் கண்ட ஒரு நர்ஸ், "மெஷினைப் பார்க்காதீங்கம்மா. நெஞ்சு ஏறி எறங்குதான்னு மட்டும் பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். பெர்னா அதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்தால், இவள் கீரை ஆய்ந்துகொண்டு எதிரே உட்காருவாள். கண் கீரையில் இருக்காது. அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானில் இருக்கும்.

சாவு என்ற வார்த்தையே அந்த வீட்டில் கூடாது. டிவியில் மாலை போட்ட போட்டோ வந்தால் சேனல் மாறிவிடும். அன்பியத்தில் யார் தவறினாலும் அண்ணனை அனுப்ப மாட்டாள். "அவர் வேணாம். நான் ரெண்டு பேருக்கும் சேத்து வர்றேன்" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாக வருவாள். இப்படிப்பட்டவள் புருஷனைத்தான் பெட்டியில் படுக்கவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

"இது தேவையாண்ணே உங்களுக்கு?" என்று கேட்டேன்.

நடந்தது இதுதான். அந்தக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் சினிமா சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கும் வீணா என்ற பெண் ஒருநாள் லிஃப்டில் ஏறி, மாடி எண்ணைச் சொல்லாமல் இவர் முகத்தையே பார்த்திருக்கிறாள். "அங்கிள், எங்க படத்துல அப்பாவா நடிக்கிறீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறாள். வசனம் உண்டா என்று இவர் கேட்க, அவள் கொஞ்சம் தயங்கி, கதையைச் சொல்லியிருக்கிறாள். அப்பா முன்அறையில் பெட்டிக்குள் இருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, அவர் இருந்தபோது சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்கிறார்கள்.

"படம் பூரா எல்லாரும் என்கிட்டதான் பேசறாங்க பவுலின்" என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் நான் எங்கே திட்டுவது?

"மூச்சு?"

"அதான் பெரிய வேலை. ஆபரேஷன் ஆனதுலருந்து ரொம்ப நேரம் அடக்க முடியல. இருவது எண்ணுவேன், அதுக்குள்ள அந்தப் பொண்ணு கட் சொல்லிடும். எடுத்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாங்க. ஒரு எடத்துலகூடத் தெரியலன்னாங்க." இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ பெர்னா பக்கத்துல உக்காரு. அவ பாதியில எழுந்து போயிடாமப் பாத்துக்க. அவ பாக்கலன்னா நான் நடிச்சதுக்கே அர்த்தம் இல்ல."

முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் வரமாட்டாள் என்றார். அதுவும் உண்மைதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை அல்சூரிலிருந்து பதினோரு பேர் மெட்ரோவில் கிளம்பினோம். எல்லோரும் கோயில் திருவிழா உடுப்பு. பெர்னா தன் கல்யாண வெள்ளி விழாவுக்கு எடுத்த நீலப் பட்டு கட்டியிருந்தாள், கையில் அச்சு முறுக்கு டப்பா. கிளெமென்ட் பிளாஸ்டிக் கவரில் ஒரு பொன்னாடை வைத்திருந்தார். மேடையில் போர்த்தி இரண்டு வார்த்தை பேசப்போவதாகச் சொன்னார். அவருடைய இரண்டு வார்த்தை எவ்வளவு நீளம் என்று எங்களுக்குத் தெரியும். அரங்கத்தில் மேடையும் இல்லை, மைக் ஸ்டாண்டும் இல்லை. வெள்ளைத் திரையும் ஜீன்ஸ் போட்ட பிள்ளைகளும் மட்டும் இருந்ததைப் பார்த்து அவர் முகம் தொங்கிப்போனது.

அண்ணனை வீணா முன்வரிசைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் ஐந்தாவது வரிசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் மூன்று படம் போட்டார்கள். ஒன்றில் ஒரு நாய் வீடு தேடியது, நன்றாக இருந்தது. இன்னொன்றில் ஒரு பெண் பத்து நிமிஷம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள், வெளியே என்ன இருக்கிறது என்று கடைசிவரை காட்டவில்லை. கிளெமென்ட் தூங்கினார். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை, அடுத்தது அடுத்தது என்று மனசு அடித்துக்கொண்டது. முன்வரிசையில் அண்ணனும் நொடிக்கொரு தரம் திரும்பி எங்களைப் பார்த்தார்.

நான்காவது படம். இருட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வெளிச்சம் வந்தது. திரை முழுக்கத் தியோடர் அண்ணன், கண்ணை மூடிக்கொண்டு, கறுப்புக் கோட்டில், விரல்களில் ஜெபமாலை சுற்றி, பெட்டிக்குள் படுத்திருந்தார்.

பெர்னாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

"பவுலின்."

"நடிப்புடி. அவர் அதோ முன்னாடி உக்காந்திருக்கார் பாரு."

"அது எங்க கோட்டு" என்றாள்.

வெள்ளி விழாவுக்குத் தைத்த கோட்டுதான். பிள்ளைகளிடம் நல்ல கோட்டு இல்லையென்று அண்ணன் பீரோவிலிருந்து எடுத்துப்போயிருக்கிறார். இதை என்னிடம் அவர் சொல்லவில்லை. விழா அன்று காலையில் நடுப் பொத்தான் அறுந்துவிட்டது. அவசரத்துக்குக் கறுப்பு நூல் கிடைக்காமல் பெர்னா பழுப்பு நூலில் தைத்தாள். அந்தப் பழுப்பு நூல்கூடத் திரையில் தெரிந்தது. அவள் எழுந்துவிடுவாள் என்று நான் அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். எனக்கே அழுகை வந்தது. நடிப்பு என்று தெரிந்தும் வந்தது.

மூத்த மகன் வந்து பேசினான். இளையவன் வந்து ஒன்றும் பேசாமல் அப்பாவின் டையைச் சரிசெய்துவிட்டுப் போனான். பிறகு மகள் வந்து, சின்ன வயதில் தான் திருடிய ஒரு பேனாவைப் பற்றிச் சொல்லி அழுதாள். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அப்போதுதான் என் மணிக்கட்டு விடுபட்டதைக் கவனித்தேன். பெர்னா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் கொஞ்சம் சாய்ந்து, கண் கொட்டாமல் திரையைப் பார்த்தாள். அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் சாமியார் வேஷம் போட்ட ஒரு மாணவன் வந்தான். பெட்டியை மூடுவதற்கு மூடியைத் தூக்கினார்கள். அவன் கையை உயர்த்தி ஜெபத்தை ஆரம்பித்தான். அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்த கிளெமென்ட் சடாரென்று எழுந்து நின்றார். அவரைப் பார்த்துக் குளோரியா, அவளைப் பார்த்து அடுத்தவர். வரிசை முழுக்க எழுந்தது. நானும் எழுந்தேன், எழுந்த பிறகுதான் எழுந்திருக்கிறேன் என்றே தெரிந்தது. மூடி விழுந்தபோது கோயிலில் சொல்லுகிற மாதிரி உரக்க ஆமென் என்றோம்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அதைவிடக் கொடுமை, முன்வரிசையில் தியோடர் அண்ணனும் எழுந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தன் பெட்டிக்குத் தானே ஆமென் சொன்ன ஆள் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எங்களில் பெர்னா மட்டும் எழுந்திருக்கவில்லை.

விளக்கு போட்டார்கள். கைதட்டல் வந்தது. எங்கள் ஆமென் படத்தோடு சேர்ந்த ஏற்பாடு என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, எங்கள் பக்கம் திரும்பியும் தட்டினார்கள். கிளெமென்ட் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். நடுவராக வந்திருந்த அனந்தபத்மநாபன் என்பவர், பெரிய படங்களுக்கு எடிட்டிங் செய்கிறவராம், மைக்கை வாங்கி, "இறந்தவராக நடித்தவர் எங்கே? இவ்வளவு அசைவில்லாமல் ஒருவரை நான் பார்த்ததே இல்லை" என்றார். அண்ணன் எழுந்து கும்பிட்டார். காது வரைக்கும் சிவந்திருந்தது. உடனே திரும்பி பெர்னாவைப் பார்த்தார். ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

பெர்னா கையைத் தூக்கினாள்.

"வேணாம்டி" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் மைக் வந்துவிட்டது. எழுந்து நின்று கன்னடத்தில், "நான் அவர் மனைவி" என்றாள். பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். அவள் பொறுத்தாள். வெறும் திரையை ஒரு தடவை பார்த்தாள், அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். சொல்ல ஏதோ ஒன்று அவள் வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன்.

"அவர் நல்லா நடிச்சிருக்கார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் வீணா ஓடிவந்து, "ஆன்ட்டி, கோபமா?" என்று கேட்டாள். பெர்னா கிளெமென்ட் கையிலிருந்த கவரைப் பிடுங்கி, பொன்னாடையை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போர்த்தினாள். அச்சு முறுக்கு டப்பாவையும் கொடுத்தாள். கிளெமென்ட்டுக்குப் பேச்சு வராத ஒரே சாயங்காலம் அது.

திரும்பும்போது மெட்ரோவில் அவர்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. நான் அவர்கள் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கோட்டு எடுத்தது தப்புதான்" என்றார்.

"நாலு தடவை மூச்சு விட்டீங்க" என்றாள் பெர்னா.

"என்னாது?"

"மூத்தவன் பேசறப்ப ஒண்ணு. சின்னவன் டையச் சரி பண்றப்ப ஒண்ணு. அந்தப் பொண்ணு பேனா திருடினதைச் சொல்றப்ப ரெண்டு. நடுப் பொத்தான் ஏறி எறங்கிச்சு."

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "வீணா நூறு தடவை பாத்துதே. அந்தப் பெரிய எடிட்டரே பாத்தாரே."

"அவங்க எல்லாம் உங்க மூஞ்சியப் பாத்தாங்க."

"அப்ப நான் சரியா நடிக்கலியா?"

"நடிப்பு என்னாத்துக்கு ஆவுது?" என்றாள். "மொதல் மூச்சு வர்ற வரைக்கும் எனக்கு உசிரே இல்ல. அதுக்கப்புறம் நிம்மதியா உக்காந்து பாத்தேன். அவ்ளோ பேரு அழுவறாங்க, பெட்டியில ஜெபமாலை எல்லாம் வெச்சுப் படுத்துக்கீறீங்க, ஆனா உள்ள மூச்சு ஓடிட்டேதான் இருந்திச்சு. எனக்கு அது போதும்."

"அதான் ஆமென் சொல்ல எழுந்திருக்கலியாடி நீ?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"மூச்சு விடறவருக்கு எதுக்கு ஆமென்?" என்று என்னை முறைத்தாள். "நீங்கல்லாம் எழுந்து நின்னீங்களே, அறிவிருக்கா?"

டிரினிட்டி ஸ்டேஷன் வந்து போனது. அண்ணன் தலையைத் திருப்பி எங்கள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு மெல்ல, "யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"அவ்ளோ பேர் முன்னாடி மைக்கு குடுத்தாங்களே, சொன்னனா?" என்றாள் பெர்னா.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதை மறைக்க, தலைக்குமேல் ஒட்டியிருந்த ஸ்டேஷன் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தேன்.

மூன்று வாரம் கழித்து, தொண்ணூற்று நாலு வயதில் எங்கள் தெருமுனை மரியநாதன் தாத்தா தவறிப்போனார். பொறுப்பாளர் என்ற முறையில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனேன். பெர்னா வீட்டு வாசலில் நின்று வழக்கம்போல அவளை மட்டும் கூப்பிட்டேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், படியில் நின்று உள்ளே திரும்பினாள்.

"ஏங்க, கோட்டைப் போட்டுக்கினு வாங்க. பெட்டி மூடறதுக்குள்ள போவணும்."

அண்ணன் நம்பாமல் எட்டிப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நடுப் பொத்தானைக் கறுப்பு நூலில் மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன். பழுப்பு நூல் அப்படியே இருந்தது. இரண்டு வருஷமாக அவரை முன்னால் விட்டு, பின்னாலேயே பார்த்துக்கொண்டு நடந்தவள், அன்றைக்கு அவருக்கு முன்னால் நடந்தாள். பெட்டியை மூடியபோது எல்லோரோடும் எழுந்து நின்றாள். அவள் சொன்ன ஆமெனும் அவர் சொன்ன ஆமெனும் என் காதில் சேர்ந்தே விழுந்தன.